மச்சான் இல்லாத கப்பல்

சிப்பித்துறையில் தரை ஆட ஆரம்பித்தது ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஊரே மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த நேரம். முதலில் கடலோரத்துப் பனை ஆடியது, அப்புறம் கருவாடு காயப்போட்ட பாய் ஆடியது, அப்புறம் வீட்டுக்கு வீடு கஞ்சிச் சட்டி இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு சாய்ந்து மடியில் கொட்டியது. என்ன ஏது என்று வெளியே வந்து பார்த்தால், கிழிந்த சட்டையும் செம்பட்டைத் தாடியுமாக ஒரு மனுசன் மணலில் நடந்து வருகிறான், அவன் கால் வைக்கிற இடத்தில் பூமி அலை மாதிரி ஏறி இறங்குகிறது, அவன் தாண்டிப் போனபிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிக்கொள்கிறது.

"கடலை மிதிச்சவன் காலைக் கழுவாம வாரான்வே" என்றார் உலகுடையார். அவர் அந்தக் கரைக்குப் பட்டங்கட்டி, அதாவது நாட்டாமை. அவர் சொல்லிவிட்டால் அதுதான் காரணம், அதற்குமேல் காரணம் தேடுகிற ஊர் இல்லை அது. நாலு பேர் ஓடிப்போய் அவன் காலில் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். கால் வெளுத்தது, ஆட்டம் நிற்கவில்லை. சரி, ஆடட்டும் என்று மிச்சக் கஞ்சியைக் குடிக்கப் போய்விட்டார்கள்.

வந்தவன் பேர் கஸ்பார். நாலு நாளில் அது கசப்பர் ஆகிவிட்டது. எங்கேயோ மேற்கே, சூரியன் விழுகிற பக்கம், அவன் ஊர். மூன்று கப்பலில் நூற்றெழுபது பேர் கிளம்பி, மூன்று வருசம் தண்ணீரிலேயே கிடந்து, கடைசிக் கப்பல் நம்ம பாறையில் மோதி, நூற்றெழுபதில் ஒருத்தனாக ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கக்கத்தில் ஒரு தோல் சுருள் வைத்திருந்தான். விரித்துக் காட்டினான். அவன் ஊர்ப்பக்கமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, நம்ம கடலுக்கு வந்தால் வெறும் தோல், அதில் ஒரே ஒரு கொம்பு வைத்த பூதமீன்.

ஊர் சிரித்த சிரிப்பில் காக்காய் பறந்தது. கொம்பை எடுத்துவிட்டால் அது ஆவுளியா, கடல் பசு, புல் தின்கிற சாது. அதுக்கா இவ்வளவு பயம்? அந்த வெறும் தோலில் சிப்பித்துறைக்காரனுக்குத் தெரிந்த பேர் நாற்பது உண்டு. முத்துச்சிப்பி கிடக்கிற திட்டுக்குப் பார் என்று பேர், அதில் அலை அறைகிற பார் மாமியார் பார், அசையாமல் கிடப்பது தூங்குமூஞ்சிப் பார், ரெண்டுக்கும் நடுவில் சண்டை விலக்குகிற மாதிரி ஒரு சின்னப் பார், அதற்குப் பேர் கொழுந்தன். இதெல்லாம் தெரியாமல் ஒருத்தன் கடலில் வந்தால் ஏன் மோதமாட்டான் என்று ஆளாளுக்குப் பரிதாபப்பட்டார்கள்.

அவனுக்குத் தங்க இடம் கொடுத்தவள் வலம்புரி. ஊர்த் தெற்குக்கோடியில் தனியாக இருந்த வீடு அவளுடையது, பக்கத்தில் ஒரு தோணிக் கொட்டகை. அவன் ஈறு வீங்கிப் பல்லை மூடிக் கிடந்தது, வாயைத் திறந்தால் ரத்தம். அவள் நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்து ஊற்றினாள், முருங்கைக் கீரையை மசித்து ஊட்டினாள், எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவினாள். இருபது நாளில் பல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. முப்பதாம் நாள் அவன் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு அழுதான்.

வலம்புரிக்கு ஒரு அண்ணன் உண்டு, அலைவாயன். கதை அவனைப் பற்றியதுதான்.

முத்துக் குளிக்கிற ஊரில் ஒரு வழக்கம். குளிக்கிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, காலில் கல்லைக் கட்டி, பத்துப் பாகம் கீழே போவான். பாகம் என்றால் ரெண்டு கையையும் விரித்த நீளம். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாகத்தான் இருக்கவேண்டும், பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப்பிறந்தவன்கூடக் கூடாது. கூடப்பிறந்தவன் சொத்தில் பங்கு பிரிக்கிற நினைப்பில் ஒரு நொடி அசந்துவிடுவான். மச்சான் அசரமாட்டான், தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது.

அலைவாயன் பதினொரு வருசம் தங்கச்சி புருசன் குலசேகரனுக்குக் கயிறு பிடித்தான். கீழே இருக்கிறவன் ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருக்கிறவன் தூக்கவேண்டும், அதுதான் முறை. ஒருநாள் இழுப்பு வரவில்லை. அலைவாயன் காத்திருந்தான். இன்னும் காத்திருந்தான். அப்புறம் தூக்கினான், வெறும் கண்ணி வந்தது, அவன் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

"இழுப்பு வரல, அதான் காத்திருந்தேன்" என்று தங்கச்சி வாசலில் நின்று சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவலைப் பார்த்தாள்.

"சேவலே, இழுப்பு வந்தா ஊரான்கூட இழுப்பான். மச்சான் எதுக்குன்னு கேளு."

அன்றையிலிருந்து ஆறு வருசம், அவள் அண்ணனிடம் பேசுவதெல்லாம் சேவல் வழியாகத்தான். அவனுக்குச் சோறு போடாமல் இருந்ததில்லை, "சேவலே, மீன் குழம்பு ஆறுது, வரச்சொல்லு" என்பாள். அவனும் "சேவலே, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பான். முதல் சேவல் கிழண்டு செத்தது, ரெண்டாவதை நரி தூக்கியது, இப்போது இருப்பது மூன்றாவது. சேவல்தான் மாறியதே தவிர கோபம் அதே கோபம். ஊரும் அவன் கையில் கயிறு கொடுப்பதை நிறுத்திவிட்டது. அவன் தென்னை நாரைத் திரித்துக் கயிறு செய்வான், மற்றவர்கள் பிடிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கசப்பர் வந்தது. ஆட்டத்துக்கு ஊர் பழகிவிட்டது, எதுக்குத்தான் பழகாது. அழுகிற பிள்ளையை அவன் உட்கார்ந்திருக்கிற வேப்பமரத்தடியில் தூளி கட்டிப் போட்டால் தானாக ஆடித் தானாகத் தூங்கும், தாய்மார்கள் இடம்பிடிக்க விடியுமுன்னே துண்டு போட்டார்கள். முத்துச் சலிக்கிற சல்லடையை அவன் பக்கத்தில் வைத்தால் பெரிசும் சிறிசும் தாமாகப் பிரியும். மோர் கடைய மத்து வேண்டாம். கள்ளிறக்குகிறவன் மட்டும் தினமும் புலம்பினான், குடிக்காமலே ஊர் ஆடுதே, இனி என்னத்துக்கு நான் மரம் ஏறணும் என்று. கோழிகள் கோணலாக நடந்து கோணலாக முட்டையிட்டன. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், இந்த ஊர்ப் பெண்கள் என்ன நடை நடக்கிறார்கள் என்று மயங்கிப்போய் ரெண்டு கல்யாணம் கூடிவந்தது.

வலம்புரி மட்டும் அந்த ஆட்டத்தில் நேராக நடந்தாள். தலையில் குடம், குடத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர், ஒரு சொட்டுச் சிந்தாது.

கசப்பர் தமிழ் படித்தது தோணிக்காரர்களிடம். தோணியைக் கரையேத்து, வலையைக் கரையேத்து என்று அவர்கள் கத்துவதைக் கேட்டு, தரைக்குக் கொண்டுவருவதற்கு அதுதான் சொல் என்று பிடித்துக்கொண்டான். வழியில் போகிற வருகிற ஆளையெல்லாம் கும்பிட்டுக் கேட்பான்.

"ஐயா, என்னைக் கரையேத்துங்க."

கிணற்றடிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணைத்தானே தகப்பன் கரையேத்துவான்.

"எங்க வீட்டுக் குமருகளக் கரையேத்தவே ஆளக் காணோம், இதுல தாடி வச்ச குமரு வேறயா" என்றாள் ஒருத்தி.

"நகை என்ன போடுவீரு கசப்பரே?"

வலம்புரியும் சிரித்தாள். குடத்திலிருந்து அன்றைக்கு முதல்முதலாக ஒரு சொட்டுச் சிந்தியது. கயிறு திரித்துக்கொண்டிருந்த அலைவாயன் அதைப் பார்த்தான், பார்க்காத மாதிரி நாரைக் கோதினான்.

ஆனால் அமாவாசைக்கு அமாவாசை ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. பத்துப் பாகச் சுற்றளவு இருபதாகி, நாற்பதாகி, புரட்டாசியில் ஊர் நடுவில் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தொட்டது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீர் மேல் ஆடை மாதிரி படிந்து கிடப்பது, யாரும் கலக்காதவரைக்கும்தான் அது நல்ல தண்ணீர். ஆட்டம் கலக்கிவிட்டது. அன்று வைத்த கஞ்சி உப்புக் கரித்தது, மறுநாள் கருப்பட்டித் தண்ணீர் கரித்தது, மூன்றாம் நாள் கைப்பிள்ளைகள் பால் குடிக்க மாட்டோம் என்று முகத்தைத் திருப்பின.

பட்டங்கட்டி ஊரைக் கூட்டினார். கூட்டம் முழுக்க ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கோவிச்சுக்கிடாதீரும் கசப்பரே. மலையாளக் கரைக்கு உம்ம சாதிக் கப்பல் வருதாம். வார பௌர்ணமிக்குத் தோணி கட்டி அதுல ஏத்தி விட்டுருதோம்."

கசப்பருடைய கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது, ஈறைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"மறுபடி கடல் போனா நான் செத்துருவேன் ஐயா. ரொட்டியில புழு."

"புழுவத் தட்டிட்டுத் தின்னீரா, புழுவோடயா?" என்று கேட்டாள் ஒருத்தி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முதல் வருசம் தட்டிட்டு. ரெண்டாம் வருசம் புழுவோட. மூணாம் வருசம் புழு மட்டும்."

"அது தீந்த பிறகு?"

"பாய்மரத்தில சுத்தின தோல். நாலு நாள் கடல்ல ஊறப் போட்டு, தணல்ல வாட்டி."

"புளி விட்டீயளா?"

"புளி இல்ல."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. தோலைத் தின்றதைக்கூட அவர்களால் பொறுக்க முடிந்தது, புளி இல்லாமல் தின்றார்கள் என்பதைப் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் பச்சையாகிப்போனதை, மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்ததை, எலியைப் பிடித்தவன் ராசா மாதிரி நடந்ததை, திசை தெரியாமல் நாற்பது நாள் ஒரே மேகத்தைச் சுற்றிவந்ததை எல்லாம் அவன் சொன்னான். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் இருந்த அலைவாயன் வாய் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டான்.

"கப்பலுக்கு அடியில ஓட்டை அடைக்க முங்குவீயளே, அப்ப கயிறு யாரு பிடிப்பா?"

"யார் கை சும்மா இருக்கோ அவன்."

"அவன் உமக்கு என்ன முறை?"

"முறையா? முறை ஒண்ணும் இல்ல."

கூட்டம் அப்படியே உறைந்தது. ஆட்டத்தில்கூட யாரும் ஆடவில்லை. பட்டங்கட்டி தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"நூத்தெழுவது பேருல யாருக்கும் யாரும் மச்சான் இல்லியா?"

"இல்லீங்க ஐயா."

"மூணு கப்பல கட்டத் தெரிஞ்சவனுக்கு, ஒரு மச்சானக் கூட்டிட்டு வரத் தெரியலியே. மச்சான் இல்லாமக் கடலுக்குப் போனா புயலும் வரும், புழுவும் வரும், ஈறும் வீங்கும். பின்ன வராம என்ன செய்யும்?"

அப்போதுதான் மந்திரமூர்த்தி எழுந்தார். அவர் கடல்கட்டி, முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். ஆடிமாதமே இந்தத் தரையையும் கட்டிப்பார்த்தார், பாதி மந்திரத்தில் குமட்டிக்கொண்டு வந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். சுறாவுக்கு வாய் இருக்கு கட்டலாம், தரைக்கு வாய் எங்க இருக்கு என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னவர், இப்போது கண்ணை மூடிச் சொன்னார்.

"விசயம் இதான். இந்த ஆளு இன்னும் கடலடியிலதான் நிக்கான். உடம்பு மட்டும் இங்க உலாத்துது. இவன யாரும் மேல தூக்கல. முறையுள்ள மச்சான் ஒருத்தன் கயித்தப் பிடிச்சுத் தூக்கணும், தூக்கினா ஆட்டம் நிக்கும்."

மச்சானுக்கு எங்கே போவது? மச்சான் வேண்டுமென்றால் முதலில் பெண்டாட்டி வேண்டும். அண்ணன் தம்பி உள்ள பெண்கள் வீடுகளை விரல்விட்டு எண்ணினார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு காரணம் சொன்னது. ஒரு பெண்ணுக்குத் தாடி பிடிக்கவில்லை, ஒருத்திக்கு ஆடுகிற வீட்டில் கோலம் போட வராது, ஒருத்தி முறைமாமன் இருக்கான் என்றாள், அந்த முறைமாமனுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து வலம்புரி குரல் வந்தது. அவள் சேவலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"சேவலே, நான் கட்டிக்கிடுதேன்னு பட்டங்கட்டி ஐயாகிட்டச் சொல்லு. கயிறு பிடிக்க வேண்டியவரு அங்கன ஓரத்துல இருக்காரு, அவரு காதுலயும் போடு."

அந்தக் கரையில் புருசன் போனவள் மறுதாலி கட்டுவது புதுசு இல்லை, அதனால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் வந்தது அலைவாயனிடமிருந்துதான். கூட்டம் கலைந்ததும் தங்கச்சி முற்றத்துக்கு ஓடினான், கை ரெண்டையும் சேவல் முன்னால் விரித்துக் காட்டினான்.

"சேவலே, வேண்டாம்னு சொல்லு. இந்தக் கையி ஒருக்க வெறுங்கண்ணிய இழுத்த கையி. இன்னொருக்க அப்படி வந்தா இவ ரெண்டாந்தரம் தாலி அறுக்கணும், அதப் பாக்க என்னால ஆகாது."

வலம்புரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சேவலே, ஆறு வருசமா எனக்குள்ள ஆடிக்கிட்டேதான் இருந்துச்சுன்னு சொல்லு. இவரு வந்தபிறகு ஆட்டம் வெளிய போயிருச்சு, உள்ள நின்னுருச்சு. இந்த மனுசனக் கடலுக்கு அனுப்புனா அது திரும்ப உள்ள வரும். அப்புறம் அவரு இஷ்டம்."

சேவல் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அலைவாயன் போய், அன்று முழுக்க உட்கார்ந்து புதுக் கயிறு திரித்தான், பத்துப் பாகம், எலும்பு மாதிரி இறுக்கமாக.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கல்யாணம். மாப்பிள்ளை நிற்கிற இடம் ஆடியதால் தாலி முதல் தடவை வலம்புரியின் காதில் மாட்டியது, ரெண்டாம் தடவை பட்டங்கட்டியின் கழுத்துப் பக்கம் போய் அவர் அலறி விலகினார், மூன்றாம் தடவை அவளே அவன் கையைப் பிடித்து நிறுத்தி, இங்கன, என்று காட்டினாள். முடிச்சு விழுந்த நொடியில் அலைவாயன் கசப்பருக்கு மச்சான் ஆனான். "மச்சான்" என்று கசப்பர் அவனைப் பார்த்துச் சொன்னான். அந்தச் சொல் மட்டும் அவன் வாயில் சுத்தமாக வந்தது.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறியபோது ஊரே கடலோரத்து மணல்மேட்டில் கூடியது. கசப்பரை மேட்டுக்குக் கீழே, ஈரம் இல்லாத மணலில் நிறுத்தினார்கள். காலில் குளிகல்லைக் கட்டினார்கள், இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள், முடிச்சை அலைவாயனே போட்டான். மேட்டின் மேலே போய்க் காலை ஊன்றி, கயிற்றை உள்ளங்கையில் வாங்கினான். ஆறு வருசத்துக்கு அப்புறம் கயிறு அவன் கையில் கனத்தது.

மந்திரமூர்த்தி கையை உயர்த்தினார். கசப்பர் மூக்கைப் பிடித்துக் கண்ணை மூடினான். காற்றே இல்லை, ஆனாலும் அவன் தாடி மெதுவாக மேலே எழும்பி மிதந்தது, சட்டை உப்பியது, காய்ந்த மணலில் நின்றுகொண்டே அவன் முங்கினான்.

ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் போனது. இழுப்பு இல்லை. இன்னொரு வெற்றிலை மடிக்கிற நேரம் போனது. கசப்பர் முகம் சிவந்து, கறுத்து, நீலம் பாய்ந்தது. வாயோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி அத்தனை பேர் கண்முன்னே மேலே மேலே போய் உடைந்தது.

"இழுப்பு வரலியே, பொறும்வே" என்றார் பட்டங்கட்டி. "முறைன்னு ஒண்ணு இருக்கு."

அலைவாயன் தங்கச்சியைப் பார்த்தான். அவள் கக்கத்தில் சேவல் இல்லை, அது எங்கோ கீழே கிடந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் ரெண்டு கையும் தாலியைப் பிடித்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சேவலிடம்கூட.

"இழுப்பு வந்தா ஊரான் இழுப்பான்" என்று சொல்லிவிட்டு அலைவாயன் இழுத்தான்.

கயிறு ஈரமாக வந்தது. பத்துப் பாகக் கயிறுதான், ஆனால் பத்துப் பாகம் வந்தபிறகும் வந்துகொண்டே இருந்தது, பதினைந்து, இருபது, முப்பது. பாசி வந்தது, சிப்பி ஒட்டி வந்தது, புழு அரித்த ரொட்டி ஒன்று வந்தது, வாட்டின தோல்வார் வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. கை தோலுரிந்து ரத்தம் வழுக்கியது, அவன் நிறுத்தவில்லை. அப்புறம் அவன் கைக்கு ஒரு முடிச்சு வந்தது. இருட்டில் தொட்டாலும் தெரியும் அவனுக்கு. ஆறு வருசத்துக்கு முன்னால் குலசேகரன் இடுப்பில் அவன் போட்ட முடிச்சு, அதே வெறுங்கண்ணி, அவிழாமல் அப்படியே. கயிற்றின் கடைசி இதுதான் என்று கை சொல்லியது, இதற்குமேல் ஒன்றும் இல்லை, விட்டுவிடு என்று. அலைவாயன் அந்தக் கண்ணியைக் கன்னத்தில் ஒரு தரம் ஒற்றி, பின்னால் தள்ளிவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் இருந்ததை இழுத்தான்.

பொத்தென்று அவன் காலடியில் கசப்பர் வந்து விழுந்தான். ஒரு குடம் உப்புத் தண்ணீரும் ரெண்டு சாளை மீனும் கக்கினான். மூச்சு விட்டான். தரை ஒரு தடவை, கடைசித் தடவை, இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, நின்றது.

ஊர் பூராவும் தொப்பு தொப்பென்று விழுந்தது. நாலு மாசம் ஆடிப் பழகிய கால், நிற்கிற தரையில் நிற்கத் தெரியவில்லை. பட்டங்கட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார், "முறை தப்பிப் போச்சுதான், ஆனா மச்சான் செஞ்சா அதுவும் முறைதான்." ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து, இனி இத யாரு தூங்க வைக்க என்று முணுமுணுத்தாள். எட்டு நாள் கழித்துக் கிணற்றில் முதல் குடம் நல்ல தண்ணீர் வந்தபோதுதான் அவளுக்கு மனசு ஆறியது.

அலைவாயன் மட்டும் இதொன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான், கையில் கயிறே இல்லை, வெறும் காற்றை இழுத்து இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கை மேல் ஒரு கை வந்து அழுத்தியது.

"அண்ணே, போதும். விடு. அவரு மேல வந்தாச்சு."

அவன் கண்ணைத் திறந்தான். வலம்புரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோலுரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

"மீன் குழம்பு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"உப்பு?" என்றான் அலைவாயன்.

"சரியாத்தான் போட்டிருக்கேன். தின்னுட்டுச் சொல்லு."

கசப்பர் எழுந்திருக்கப் பார்த்தான், ஆடாத தரையில் கால் தடுமாறி மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டான். மூணு பேரும் மேட்டை விட்டு இறங்கினார்கள். எங்கிருந்தோ ஓடிவந்த சேவல் வழக்கம்போல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் புகுந்து, நின்று, கழுத்தைச் சாய்த்து, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது.